இலையில் நிற்கும் ஒயின்

மன்னார்குடிப் பக்கத்துக் கரைப்பத்தில் அந்தத் தை மாதம் ஏழெட்டு மண்டைகள் உடைந்த பிறகுதான் அரசாங்கத்துக்கு ஒயின் ஞாபகம் வந்தது.

மண்டைகள் உடைந்தது அரை மரக்கால் நெல்லுக்காக. கலத்துக்கு இவ்வளவு என்று அளந்துகொண்டிருந்த அறுப்புக் கூலியோடு இன்னும் அரை மரக்கால் சேர்த்துப் போடுங்கள் என்று கூலியாட்கள் கேட்டார்கள். மிராசுதார்கள் மாட்டோம் என்றார்கள். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்கியவர்களை உள்ளூர் ஆட்கள் வாய்க்காலில் தள்ளிச் சேறு குடிக்க வைத்தார்கள். அன்று சாயங்காலமே மிராசுதார்களின் அடியாட்கள் கூலியாட்களின் தெருவுக்குள் புகுந்து ஆண் பெண் பார்க்காமல் அடித்தார்கள். மறுநாள் வைக்கோல்போர்கள் எரிந்தன. ஓர் உழவு மாட்டின் கால் நரம்பை யாரோ அறுத்துவிட்டுப் போனார்கள். அது ரோட்டோரம் கிடந்து கதறியது. மன்னார்குடி பஸ் அதைச் சுற்றிக்கொண்டு போய்வந்தது.

மதுவிலக்கை எடுத்த பிறகு வந்த முதல் அறுவடை அது. ஊருக்கு ஊர் சாராயக் கடை திறந்திருந்தார்கள். வெட்டுக்குப் போகிறவனும் அங்கேதான் குடித்தான், வெட்டுப்பட்டவனின் அண்ணனும் அங்கேதான் குடித்தான். கடைக்காரருக்கு யார் மேலும் வருத்தமில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். உடனே ஒரு குழு போட்டது. பெயர், அறுவடைச் சமாதான விழாக் குழு. தலைவராகத் தனி அலுவலர் பஞ்சநாதன் வந்து மன்னார்குடி டிராவலர்ஸ் பங்களாவில் இறங்கினார். வந்த அன்றே இரண்டு உத்தரவுகள் போட்டார். ஒன்று, சமாதானம் ஆகிறவரை கரைப்பத்து எல்லைக்குள் எவனும் வயலில் அரிவாள் வைக்கக் கூடாது. இரண்டு, சமாதானம் என்பது நாலாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பெரிய விருந்தின் முடிவில், மந்திரி முன்னிலையில் ஏற்பட வேண்டும்.

விருந்தின் முடிவில் ஏன் என்றால், பஞ்சநாதன் பிரான்சு தேசத்துக்குப் போய்வந்தவர். விவசாயத்தைப் பார்த்துவிட்டு வரும்படி அரசாங்கம் அனுப்பியிருந்தது. அவர் பார்த்துவிட்டு வந்தது இதுதான்.

"அன்பர்களே," என்றார் முதல் கூட்டத்தில். "சாராயம் ஆளை ஆவேசப்படுத்தும். இன்தேறலாகிய ஒயின் ஆளை ஆசுவாசப்படுத்தும். வெட்டிக்கொண்ட கைகள் கட்டிக்கொள்ள வேண்டும் என்றால், சாப்பாட்டுக்குப் பின் தித்திப்பான ஒயின் வேண்டும். பிரான்சில் அறுவடை விருந்து முடிந்ததும் முதலாளியும் தொழிலாளியும் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் இனிப்பு ஒயின் குடிக்கிறார்கள். குடித்துவிட்டு அழுகிறார்கள். தழுவிக்கொள்கிறார்கள். அங்கே கூலித் தகராறே இல்லை."

"அங்க எத்தன நாளு இருந்தீங்க சார்?" என்று கேட்டார் கூலியாட்கள் சங்கத்துச் செல்லதுரை. தலையில் கட்டோடு வந்திருந்தார்.

"நான்கு நாள். அந்த நான்கு நாளில் தகராறு எதுவும் வரவில்லை."

கூட்டம் கை தட்டியது. நல்ல இனிப்பாக, நாலாயிரம் பேருக்குப் போதுமானதாக, இலைக்குப் பத்துப் பைசாவுக்கு மேல் போகாததாக ஓர் ஒயினைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் அய்யாக்கண்ணு உள்ளே வந்தான். வேறு காரியமாக வந்தான். அவனுக்குக் கரைப்பத்தில் ஐந்து மா நிலம், கோயில் குத்தகை. சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. அவனும் பெண்டாட்டி தனபாக்கியமும்தான் அறுப்பார்கள், கட்டுவார்கள், அடிப்பார்கள். கூலிக்கு ஆள் வைத்ததும் கிடையாது, கூலிக்குப் போனதும் கிடையாது. வீட்டுக் குதிரில் கையை விட்டால் அடி மண் தட்டியது. இரண்டு பெண் குழந்தைகளும் ஒரு வாரமாகக் கஞ்சித் தண்ணிதான். இன்னும் பத்து நாள் போனால் கதிர் தானாகவே உதிர ஆரம்பித்துவிடும்.

"அய்யா, எனக்கு இந்தச் சண்டையில எந்தப் பக்கமும் இல்லைங்க," என்றான். "என் வயல நானே அறுத்துக்கறேங்க. உத்தரவு குடுங்க."

பஞ்சநாதன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "எந்தப் பக்கமும் இல்லையா?"

"இல்லைங்க."

"நிலம் யாருடையது?"

"சாமியோடதுங்க."

தனி அலுவலருக்குக் கண் கலங்கியதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குழுவில் மிராசுதார்கள் சார்பில் கோவிந்தராசு இருந்தார், கூலியாட்கள் சார்பில் செல்லதுரை இருந்தார், விதிப்படி இருக்க வேண்டிய பொதுநபர் மட்டும் தாலுகா முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. எல்லாரும் ஏதாவது ஒரு பக்கம் அடிபட்டிருந்தார்கள். அய்யாக்கண்ணு அங்கேயே பொதுநபர் ஆக்கப்பட்டான்.

"அறுக்கறதுங்க?" என்றான்.

"ஒயினைத் தேர்ந்தெடுத்தால் விருந்து. விருந்து நடந்தால் சமாதானம். சமாதானம் ஆனால் அறுவடை. ஆக, எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது," என்றார் பஞ்சநாதன்.

ஒரு மனிதனின் சோற்றை இத்தனை மரியாதையாகத் தள்ளிவைக்க அரசாங்கத்தால்தான் முடியும்.

ஒயினுக்குக் காண்டிராக்டு எடுத்தவர் காயாரோகணம். அதுவரை நெல் கொள்முதலுக்குச் சாக்கு சப்ளை செய்துகொண்டிருந்தார். ஓட்டைச் சாக்கு என்று புகார் வந்ததால் சாக்கிலிருந்து எடுத்து ஒயினில் போட்டிருந்தார்கள். அவர் காரைக்காலுக்குப் போய்ச் சிவப்பாக ஒன்று வாங்கிவந்தார். பாட்டிலைத் திறப்பதற்குள் கோவிந்தராசு கையைத் தூக்கினார்.

"கிளாஸு யாரோடதுங்க?"

"அரசாங்கத்துடையது," என்றார் பஞ்சநாதன்.

"அதில்லைங்க. நாலாயிரம் கிளாஸ் ஏது? ஒரு பந்தி குடிச்சதத்தான் அடுத்த பந்திக்குக் குடுப்பீங்க. யாரு வாய் வெச்சதுல யாரு வாய் வைக்கிறது?"

"கழுவித்தான் தருவோம்."

"தண்ணியில கழுவினாப் போறதா சார் அது?"

செல்லதுரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "டீக்கடையில எங்களுக்குன்னு தனி கிளாஸு ஆணியில தொங்குது சார். முதல்ல அத ஒடச்சுப் போடச் சொல்லி உத்தரவு போடுங்க. அப்புறம் ஒயின் குடிப்போம்."

பஞ்சநாதன் சிரித்த முகத்தோடு கையமர்த்தினார். "தோழர், நாம் ஒயினுக்கான குழு. டீ வேறு துறை."

கோவிந்தராசுவின் ஆள் ஒருவன் வாசலிலிருந்து ஏதோ சொன்னான். செல்லதுரையின் ஆள் அவன் வாயில் குத்தினான். இரண்டு பற்கள் பங்களாவின் வராந்தாவில் விழுந்தன. அவற்றை யார் பொறுக்குவது என்பதில் ஒரு தள்ளுமுள்ளு நடந்தது. போலீஸ் உள்ளே வந்து, வழக்கப்படி, பக்கத்தில் நின்ற அய்யாக்கண்ணுவை லத்தியால் முதுகில் இரண்டு போட்டது. அவன் பொதுநபர் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டது.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் பஞ்சநாதனுக்கு அந்த யோசனை உதித்தது. பிரான்சுக்காரர்களுக்கு ஆயிரம் வருஷம் போனாலும் உதிக்காது.

"இலை," என்றார். "பாயசத்தை நாம் எதில் குடிக்கிறோம்? இலையில் ஊற்றுகிறார்கள், கையால் வழித்துக் குடிக்கிறோம். ஆளுக்கு ஓர் இலை. ஒருவர் இலையில் இன்னொருவர் வாய் வைக்கப் போவதில்லை. தீண்டாமைக்கும் இடமில்லை, கிளாசுக்கும் செலவில்லை. அன்பர்களே, சமத்துவம் இலையில் தொடங்குகிறது."

கோவிந்தராசு கை தட்டினார். தனி கிளாஸ் ஆணியிலேயே தொங்கியது. குறிப்பேட்டில் சமத்துவம் ஏறியது. செல்லதுரை ஒரே பந்தி என்று எழுதித்தரச் சொன்னார், எழுதித்தந்தார்கள், அவரும் உட்கார்ந்தார்.

முதல் ருசிப்பு நடந்தது. மூன்று பேரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள், நடுவில் அய்யாக்கண்ணு. இலை போட்டுக் காயாரோகணம் ஊற்றினார். ஒயின் தண்ணீரைப் போன்ற சாமான். இலையில் நிற்குமா? நரம்போடு ஓடி, விளிம்பைத் தாண்டி, செல்லதுரையின் இலையிலிருந்து அய்யாக்கண்ணுவின் இலைக்கும், அங்கிருந்து கோவிந்தராசுவின் இலைக்கும் போய், அவருடைய மயில்கண் வேட்டியில் முடிந்தது.

"அவன் எலைத் தண்ணி எம்மேல," என்றார் கோவிந்தராசு மெதுவாக.

"மேட்டுல உக்காந்தா மேல வராது. பள்ளத்துல எங்களயே உக்கார வெச்சுப் பழகிட்டீங்க, இன்னிக்கு எடம் மாறிப்போச்சு," என்றார் செல்லதுரை.

கோவிந்தராசு பாட்டிலை எடுத்தார். செல்லதுரை முக்காலியை எடுத்தார். பாட்டில் செல்லதுரையின் தலைக்குக் குறிவைக்கப்பட்டு அய்யாக்கண்ணுவின் தோளில் உடைந்தது. முக்காலி கோவிந்தராசுவின் முழங்காலைப் பார்த்து வீசப்பட்டு அய்யாக்கண்ணுவின் விலாவில் பட்டது. பொதுநபர் என்ற பதவிக்கு இதுதான் வேலை என்று அவனுக்கு அப்போது புரிய ஆரம்பித்தது. வாசலில் நின்ற இரண்டு கூட்டமும் கைகலந்தது. ஒருவனுக்குக் காலர் எலும்பு போயிற்று. ஒருவனுக்குக் கண்ணாடிச் சில்லு கன்னத்தைக் கிழித்துக் கடைவாய் தெரிந்தது. ரத்தமும் ஒயினும் தரையில் ஒரே நிறமாக ஓடியதால் எதை முதலில் துடைப்பது என்று வாட்ச்மேனுக்குக் குழப்பமாகிவிட்டது.

பஞ்சநாதன் மேலிடத்துக்கு எழுதினார்: "முதல் ருசிப்பு விறுவிறுப்பாக நடந்தேறியது. சுவையில் குறையில்லை. எனினும் தேறல் இலையில் நிற்கவில்லை."

"அய்யா, கதிர்," என்றான் அய்யாக்கண்ணு, தோளைப் பிடித்துக்கொண்டு.

"நிற்கட்டும். ஒயின் நிற்பதுதான் இப்போது முக்கியம்."

காயாரோகணம் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வெல்லப்பாகு காய்ச்சி ஒயினில் கலந்தார். ஜவ்வரிசிக் கஞ்சி சேர்த்தார். எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் டின்களில் ஊற்றி, வாயை ஈயம் வைத்து அடைத்து, பங்களாவின் பின்பக்கம் வெயிலில் அடுக்கினார். வெல்லமும் கஞ்சியும் ஒயினும் ஒன்றாகப் பூட்டிவைக்கப்பட்டால் என்ன செய்யும் என்பது கள்ளிறக்குகிற எவனுக்கும் தெரியும். அப்படி யாரும் குழுவில் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் முதல் டின் வெடித்தது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளின் தொடையில் தகரம் செருகி நின்றது. அவர் கையெறி குண்டு என்று கத்தினார். சக போலீஸார் துப்பாக்கியோடு ஓடிவந்தார்கள். இரண்டாவது டின் வெடித்தது. அவர்கள் சுட்டார்கள். பங்களாத் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கழுதை செத்தது. மூன்றாவது, நான்காவது டின்கள் சேர்ந்து வெடித்து, கூரை ஓடுகள் ஜன்னல் வழியாகக் குழுவின் மேல் விழுந்தன. மிராசுதார்கள் குண்டு வைத்தார்கள் என்று ஊருக்குள் செய்தி போயிற்று. கூலியாட்கள் வைத்தார்கள் என்று இன்னொரு செய்தி போயிற்று. இரண்டு செய்திகளும் கரைப்பத்துக் கடைத்தெருவில் சந்தித்துக்கொண்டன. அன்று ஒருவனுக்கு இரண்டு விரல்கள் துண்டாயின. ஒரு கிழவரைக் கிணற்றில் தள்ளினார்கள். உயிரோடு தூக்கிவிட்டார்கள். எதற்காகத் தள்ளினார்கள் என்று அவர் சாகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். டின்னின் மேல்தான் தவறு என்று அது கண்டுபிடித்தது.

காயாரோகணம் அசரவில்லை. ஒயினைக் குறைத்தார், மரவள்ளிக் கிழங்கு மாவைக் கூட்டினார். ஒயின் குறையக் குறைய விலை இறங்கியது, மாவு ஏற ஏறச் சாமான் நின்றது. கடைசியில் அது இலையில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே குந்திக்கொள்ளும் சிவப்புக் கூழாயிற்று. முகர்ந்து பார்த்தால் எங்கோ தூரத்தில் யாரோ ஒயின் குடிக்கிற மாதிரி ஒரு வாடை வந்தது. இலைக்கு ஒன்பது பைசாதான்.

பஞ்சநாதன் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "பிரான்சு," என்றார்.

ஆனாலும் மெல்ல, மிக மெல்ல, அந்தக் கூழ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நகர்ந்தது. கோவிந்தராசு வேட்டியை மடக்கிக்கொண்டே தூர நகர்ந்து உட்கார்ந்தார். பொதுப்பணித் துறையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒயின் சரி, தரைதான் சாய்வு என்றார். பள்ளிக்கூட மைதானம் பார்த்தார்கள், சாய்வு. கோயில் வெளி பார்த்தார்கள், மழைத் தண்ணீர் ஓடவேண்டும் என்று பெரியவர்கள் வேண்டுமென்றே சாய்வு விட்டிருந்தார்கள். நாலாயிரம் பேர் உட்கார, நூல் பிடித்த மாதிரி சமமாக ஓரிடம் இந்தத் தாலுகாவில் கிடையாதா என்று பஞ்சநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அய்யாக்கண்ணுவுக்கு இரக்கமாகிவிட்டது. அவன் அப்படிப்பட்டவன். தவிர, சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் அறுக்கலாம் என்ற ஆசையும் இருந்தது.

"வயலுதாங்க சமமா இருக்கும்," என்றான். "பரம்படிச்சு, தண்ணி வெச்சு, மேடு தெரிஞ்சா வெட்டி, பள்ளம் தெரிஞ்சாப் போட்டு, மறுபடி பரம்படிப்போம். தண்ணி எல்லா மூலையிலயும் ஒரே அளவு நிக்கலேன்னா நாத்து ஒரு பக்கம் அழுகும், ஒரு பக்கம் காயும்ல?"

கோவிந்தராசு செல்லதுரையைப் பார்த்தார். செல்லதுரை கோவிந்தராசுவைப் பார்த்தார். குழு அமைந்ததிலிருந்து அவர்கள் இருவரும் கோபமில்லாமல் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"என் வயல்ல போட்டா அவனுங்க வரமாட்டானுங்க," என்றார் கோவிந்தராசு.

"அவங்க வயல்ல நாங்க ஏன் சார் வரணும்?" என்றார் செல்லதுரை.

"பொதுவான வயல் ஒன்று வேண்டும்," என்றார் பஞ்சநாதன். சொல்லிக்கொண்டே அவர் பார்வை சுற்றி வந்து பொதுநபரின் மேல் நின்றது. "சாமியுடைய நிலம். தெய்வம் எந்தப் பக்கமும் சேராது."

அய்யாக்கண்ணு எழுந்து நின்றான். "அய்யா, கதிர் நிக்குதுங்க. அறுத்துட்டுத் தரேங்க. ரெண்டே நாளு. நானும் எம் பொண்டாட்டியும் ராவும் பகலும் அறுத்துருவோம்."

"அரிவாள் வைக்கத் தடை இருக்கிறதே, அய்யாக்கண்ணு. நானே போட்ட உத்தரவை நானே மீறினால் ஊரில் யார் மதிப்பார்கள்?"

"அப்ப எப்படிங்க விருந்து?"

பஞ்சநாதன் உத்தரவை எடுத்து இன்னொரு தடவை படித்தார். முகம் மலர்ந்தது. "அரிவாள் வைக்கத்தான் தடை. மிதிக்கத் தடையில்லை."

மறுநாள் காலையில் போலீஸ் பாதுகாப்போடு உழவு மாடுகள் இறங்கின. மாடுகளுக்குப் பின்னால் பனந்துண்டைக் கட்டி, முற்றிய கதிரின் மேல் இழுத்தார்கள். மாடுகள்கூடத் தயங்கின என்று சொல்கிறார்கள். அவற்றுக்கு நிற்கிற கதிரை மிதித்துப் பழக்கமில்லை. சாட்டையால் அடித்து ஓட்டினார்கள். மணி உதிர்கிற சத்தம் வரப்புவரை கேட்டது. தனபாக்கியம் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். "இது எங்க சோறுய்யா, எங்க சோறுய்யா," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு கான்ஸ்டபிள் அவள் மணிக்கட்டில் லத்தியால் அடித்தார். விடவில்லை. இன்னொரு தடவை அடித்தார். விரல்கள் விட்டன. அவள் மேல் பனந்துண்டு ஏறாமல் அய்யாக்கண்ணு இழுத்து வரப்பில் போட்டான். குழந்தைகள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. குழுவில் யாரும் கண்ணைத் திருப்பிக்கொண்டதாகத் தகவல் இல்லை.

படுத்த கதிரின் மேல் பாய் விரித்தார்கள். மெத்தென்று இருந்ததாகப் பந்திக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள்.

வயலை மூடி, தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரே பெரிய சாமியானா நின்றது. சுற்றிலும் முளை அடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மந்திரி வந்தார். பந்தியில் மிராசுதார்கள் ஒரு வரிசை, கூலியாட்கள் எதிர் வரிசை. ஒரே பந்திதான், நடுவில் போலீஸ் ஒரு வரிசை. உள்ளே வருகிறவர்களிடம் கம்பு, அரிவாள், சூரிக்கத்தி எல்லாம் வாங்கி வாசலோரக் கொட்டகையில் குவித்தார்கள். ஒரு மாட்டுவண்டி நிறைய இருந்தது. பொதுநபருக்கு மந்திரியின் பக்கத்தில் இலை போட்டார்கள். அவன் வரவில்லை. போலீஸ் போய்க் கூட்டிவந்து உட்காரவைத்தது.

சாம்பார் போயிற்று, ரசம் போயிற்று, மோர் போயிற்று. பஞ்சநாதன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"களத்தில் சிந்திய ரத்தம் காய்ந்தது. இலையில் சிந்தும் தேன் இதோ வருகிறது. ஒரு சொட்டுக்கூட ஓடாது. ஒருவர் இலையிலிருந்து ஒருவர் இலைக்குப் போகாது. அவரவர் இனிப்பு அவரவர்க்கு. இதுவே நம் சமாதானம். மாண்புமிகு அமைச்சர் அவர்களே, இந்த மண்ணைப் பாருங்கள். எத்தனை சமம். ஒரு கதிரைக்கூட நாங்கள் அறுக்கவில்லை. சட்டத்தை இம்மி பிசகாமல் காத்திருக்கிறோம்."

வாளியிலிருந்து சிவப்புக் கூழ் அய்யாக்கண்ணுவின் இலையில் விழுந்தது. நின்றது. பஞ்சநாதன் குனிந்து அதைப் பார்த்தார். நகரவில்லை. அவர் அய்யாக்கண்ணுவின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அய்யாக்கண்ணு எழுந்தான். கைகழுவப் போகிறான் என்று வழிவிட்டார்கள். அவன் கொட்டகைக்குப் போய், குவியலிலிருந்து ஒரு கருக்கரிவாளை எடுத்தான். தன் வயலின் வடமேற்கு மூலைக்குப் போனான். எப்போதும் அங்கேயிருந்துதான் அறுக்க ஆரம்பிப்பான். முளையில் கட்டியிருந்த கயிற்றை அறுத்தான். அடுத்த கயிற்றை அறுத்தான். குனிந்த தலை நிமிராமல், கதிர் அறுக்கிற அதே வேகத்தில், கை மாற்றாமல் வரப்போரமாகவே போனான். அவசரப்படவில்லை. அவன் வேலை செய்கிற அழகைப் பார்த்து ஒரு கான்ஸ்டபிள் பந்தல்காரன் என்று நினைத்துச் சல்யூட் வைத்ததாகக்கூடப் பேச்சு உண்டு. மேற்குப் பக்கம் முடிந்து தெற்குப் பக்கம் திரும்பியபோது சாமியானா ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

மூங்கில்கள் மந்திரியின் மேலும் மிராசுதார்கள் மேலும் கூலியாட்கள் மேலும் வித்தியாசம் பார்க்காமல் விழுந்தன. துணிக்கடியில் நாலாயிரம் பேர் நெளிந்தார்கள். இருட்டில் பக்கத்தில் அகப்பட்டவனை அடித்தார்கள். அகப்பட்டது யார் என்று தெரியாததால் நன்றாகவே அடித்தார்கள். வாளிகள் கவிழ்ந்து கூழ் மூக்கிலும் கண்ணிலும் அப்பியது. மூச்சுத் திணறிய ஒரு போலீஸ்காரர் துணியைக் கிழிக்க நினைத்து மேலே சுட்டார்.

துணியைக் கிழித்துக்கொண்டு முதலில் வெளியே வந்தவர் கோவிந்தராசு. அவருக்குக் கைகொடுத்துத் தூக்கி விட்டவர் செல்லதுரை. இருவர் முகமும் சிவப்பாக இருந்தது. எதிரே அய்யாக்கண்ணு கிழக்குப் பக்கத்துக் கடைசிக் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான்.

"இவன்தான்," என்றார் கோவிந்தராசு.

"அண்ணே, ஒனக்காகத்தானே போராடினோம்," என்றார் செல்லதுரை அய்யாக்கண்ணுவிடம்.

மிராசுதார்களின் ஆட்கள் அவன் காலைப் பிடித்தார்கள், கூலியாட்கள் கையைப் பிடித்தார்கள். மூங்கிலை அந்தப் பக்கத்துக்காரன் எடுத்துக் கொடுக்க இந்தப் பக்கத்துக்காரன் அடித்தான். களைத்தபோது மாற்றிக்கொண்டார்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. விலா நொறுங்கியது. பல் போயிற்று என்று சொல்ல முடியாது, முன்பல் எல்லாம் இருந்தன. பஞ்சநாதன் மூங்கிலுக்கடியிலிருந்து தலையை நீட்டி இதைப் பார்த்தார். இரு தரப்பும் சேர்ந்து ஒரு வேலை செய்கிற காட்சி. அவருக்கு இந்தத் தடவை உண்மையாகவே கண்ணீர் வந்தது.

மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அவர் ஒரு பொய்கூட எழுதவில்லை. "இரு தரப்பினரும் ஒரே கூரையின்கீழ் வந்தனர். பின்னர் ஒருமித்து உழைத்தனர்" என்று எழுதினார்.

ஆஸ்பத்திரியில் அய்யாக்கண்ணுவின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையைக் கட்டில் கம்பியோடு விலங்கிட்டிருந்தார்கள். மந்திரியைக் கொல்ல முயன்றதாக வழக்கு. தனபாக்கியம் துணி சுற்றிய மணிக்கட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். காவலுக்கிருந்த போலீஸ்காரர் வராந்தாவில் பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

பஞ்சநாதன் நேரில் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. அவருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது.

"சமாதானம் கையெழுத்தாகிவிட்டது, அய்யாக்கண்ணு," என்றார். "கூலியாட்கள் கேட்ட அரை மரக்கால் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது."

"மிராசுதாருங்க குடுத்தாங்களா?" என்று கேட்டாள் தனபாக்கியம்.

"அவர்கள் கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை, அம்மா. உங்கள் வயலில் உதிர்ந்துகிடந்ததல்லவா நெல்? தரையில் உதிர்ந்த மணி கூலியாட்களுக்கு என்று பழைய வழக்கம் இருக்கிறது. அதைக் கூட்டி அள்ளி, இந்த வருஷத்து அரை மரக்காலை அதிலிருந்தே எல்லாருக்கும் அளந்துவிட்டோம். மிராசுதார்களுக்கு நஷ்டமில்லை. கூலியாட்களுக்கும் நஷ்டமில்லை. அரசாங்கத்துக்கும் செலவில்லை. யோசித்துப் பார்த்தால், யாருக்குமே நஷ்டமில்லை."

தனபாக்கியம் அழ ஆரம்பித்தாள். சத்தம் வரவில்லை.

"அழக் கூடாது, அம்மா. உங்களை மறப்போமா? தடையை எடுத்துவிட்டேன். நாளையிலிருந்து தாராளமாக அறுக்கலாம். வயலில் நிற்கிற கதிர் முழுக்க உங்களுக்குத்தான். யாரும் பங்கு கேட்கக் கூடாது என்று நானே ஒரு ஷரத்துச் சேர்த்திருக்கிறேன்."

அய்யாக்கண்ணுவின் உதடுகள் அசைந்தன.

"என்ன, நன்றியா?" என்றார் பஞ்சநாதன். அவன் மறுபடி முணுமுணுத்தான். கேட்கவில்லை. "சிரமப்படாதே, நான் வருகிறேன்," என்று சொல்லி அவர் கட்டிலின் மேல் குனிந்து, காதை அவன் வாயருகே கொண்டுபோனார்.

அய்யாக்கண்ணு கடித்தான். பஞ்சநாதன் போட்ட அலறல் ஆஸ்பத்திரி வாசல்வரை போயிற்று. ஆரஞ்சுகள் உருண்டன. அவர் கட்டிலைத் தள்ளினார், அவன் விலாவில் குத்தினார், மாவுக்கட்டில் குத்தினார். தாடை விடவில்லை. ரத்தம் அவன் மோவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது. வராந்தாவில் போலீஸ்காரர் பெஞ்சை உதைத்துக்கொண்டு எழுந்து ஓடிவருகிற பூட்ஸ் சத்தம் கேட்டது.

தனபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள்.